ஏரியல் இல்லாத கார்



மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவனுடைய வீட்டு அலமாரியில் என்ன இருக்கும் என்று நீங்கள் எண்ணுவீர்கள்? கிதாபுகள் இருக்கும், மாணவர்களின் தேர்வுத்தாள்கள் இருக்கும், பி.ஏ. படித்த காலத்து வரலாற்று நூல்கள் சில இருக்கும். என் வீட்டு அலமாரியின் மேல் தட்டுகள் இரண்டிலும் இவைதாம் உள்ளன. கீழ்த் தட்டுகள் மூன்றில் இருப்பவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். 23 பொம்மைக் கார்கள்! கடையில் இன்று கிடைக்கும் புதியவை அல்ல. எழுபதுகளின் இறுதியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை செய்யப்பட்ட, ரிமோட்டினால் இயங்கும் பழைய கார்கள். அவற்றுள் ஓடக்கூடியவை ஒன்பது. மற்றவை ஓடுவதற்காகக் காத்திருப்பவை.

எங்கள் ஊர் ஜமாஅத் பெரியவர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். அலமாரியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஹஜ்ரத், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற நீங்களே பிள்ளை விளையாட்டு விளையாடலாமா?" என்று கேட்டார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அவற்றுள் இறக்கை உள்ள குதிரை ஒன்று இருந்ததையும், அதைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுச் சென்றார். ஆனால் அவர் போன பிறகு எனக்கே அந்தப் பதில் நிறைவளிக்கவில்லை. அது சிறுபிள்ளைகளுக்கான ஆதாரம். நாற்பத்தைந்தைக் கடந்துவிட்ட எனக்கு அது எப்படிப் பொருந்தும்? அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் உங்களுக்கு எழுத முனைகிறேன்.

என் வாப்பா குவைத்தில் இருந்தார்கள். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் இவ்வாறு சொன்னாலே போதும். மீதியை நீங்களே அறிவீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவார்கள். இரண்டு மாதம் இருப்பார்கள். 1988ஆம் ஆண்டு வந்தபோது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே, அட்டைப் பெட்டி நசுங்காமல் ஒரு கார் வந்தது. சிவப்பு நிறம், பருத்த கறுப்புச் சக்கரங்கள், நிக்கோ என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் தயாரிப்பு. காருக்கு 6 பென்சில் பேட்டரி, ரிமோட்டுக்கு 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று. ரிமோட்டின் உச்சியில் வெள்ளிபோல் மின்னும் ஏரியல் குழல் ஒன்று. இழுத்தால் என் மார்பளவுக்கு நீளும்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு வாப்பா அதை முற்றத்தில் ஓட்டிக் காட்டினார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் திண்ணையில் ஏறி நின்றார்கள். கார் ஓடும்போதெல்லாம் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கோடு கோடாக விழுந்தது. அவர்களும் எழுந்து வந்து காரைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் கேட்டபோது வாப்பா ரிமோட்டை என் கையில் தந்து, என் விரல்களின் மேல் தம் விரல்களை வைத்து அழுத்தினார்கள். என் வாப்பாவின் கைகள் எப்படி இருந்தன என்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது அன்றுதான். ஒன்பது வயதில் அதற்கு முன் அவர்களோடு நான் இருந்த நாள்கள் ஓராண்டுக் கணக்குக்குக்கூட வரமாட்டா.

விடுமுறை முடிந்து வாப்பா புறப்பட்டதும் கார் கண்ணாடி அலமாரிக்குள் சென்றது. பெருநாள் அன்று மட்டும் உம்மா எடுத்துத் தருவார்கள். அந்நாளில் சபுராளி வீடுகள் எல்லாவற்றிலும் இதுதானே வழக்கம்! ஓட வேண்டிய பொருள்கள் யாவும் வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தன.

இனி, அந்தக் கார் எவ்வாறு ஓடிற்று என்பதைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். நான் கலைப்பட்டதாரி; பௌதிகம் முறையாகப் படித்தவனல்லன். பழுதான கார்களைப் பிரித்துப் பிரித்தே இதைக் கற்றேன்.

கம்பியில்லாமல் தொலைவிலிருந்து ஒரு வாகனத்தை இயக்கலாம் என்பதை உலகுக்கு முதலில் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு தொட்டி நீரில் சிறு படகொன்றை வானொலி அலைகளால் திருப்பிக் காட்டினார். கடைக்கு வந்த கார் என்று பார்த்தால், 1966இல் இத்தாலியின் எலெட்ரானிகா ஜியோகட்டோலி நிறுவனம் செய்த ஃபெராரி 250 எல்.எம். உருவத்தையே முதலாவதாகச் சொல்வார்கள். அதன் பின் பத்தாண்டுகள் கழித்து ஜப்பானின் ஷிசுவோகா நகரிலிருந்து டாமியா நிறுவனம் வந்தது. 1946இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது அது. பின்னர் மரத்தில் மாதிரி உருவங்கள் செய்து, அதன் பின் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1976இல் போர்ஷே 934 காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள உருவத்தை வானொலிக் காராக வெளியிட்டது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டதே பின்னர் ஓடும் காராயிற்று என்பது இதில் வேடிக்கை. எங்கள் வீட்டில் நடந்ததற்கு நேர் எதிர்!

டாமியாவின் கார்கள் உதிரிகளாகவே பெட்டியில் வரும். வாங்கியவரே பூட்டிக் கொள்ள வேண்டும். 1984இல் வந்த கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் ஆகிய இரண்டையும் மேலைநாடுகளில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். தேவை அதிகமாகவே, அந்நிறுவனமே இந்நூற்றாண்டில் அவற்றை மறுபடியும் செய்து விற்கத் தொடங்கியது. பழைய காரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சிலர் மதிப்புக் குறைந்ததென்று முகம் சுளித்தார்கள். எனக்கோ அது பெரும் உதவியாயிற்று. என்னிடமுள்ள கிராஸ்ஹாப்பர் துபாயின் பழம்பொருள் சந்தையிலிருந்து என் தம்பி வாங்கி அனுப்பியது. மேல் உடல் இல்லாமல் வந்தது. புதிய வெளியீட்டின் உடலை அதற்குப் பொருத்தினேன். அந்நிறுவனத்தை உலகறியச் செய்த ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில் தம் 90ஆம் வயதில் காலமானார். செய்தியைப் படித்த அன்று மாலை அந்தக் காரைத் துடைத்து வைத்தேன்.

நிக்கோ, டையோ போன்றவர்கள் செய்தவை அவ்வாறல்ல. பெட்டியைத் திறந்த உடனே ஓடக்கூடியவை. வளைகுடா நாடுகளிலிருந்து நம் ஊர்களுக்கு வந்தவற்றுள் பெரும்பாலானவை இந்த வகையே. ரிமோட்டிலுள்ள சிறு படிகம் ஒன்று குறிப்பிட்ட அலைவரிசையில் துடிக்கும். பொம்மைகளுக்குப் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் சார்ந்த அலைவரிசைதான். அந்தத் துடிப்பை ஏரியல் வானில் விடும். காரினுள்ளே இருக்கும் ஏற்பி அதைப் பிடித்து, எந்தக் குறிப்பு வந்தது என்று பகுத்தறிந்து, மோட்டாருக்கு மின்சாரம் விடும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். ஆகவேதான் அந்நாளைய ஏரியல் அவ்வளவு நீளமாக இருந்தது. ஏரியலைக் கழற்றிவிட்டால் கார் அடியோடு நின்றுவிடாது. இரண்டு மூன்றடி தூரம் வரை கேட்கும். அதற்கு அப்பால் செவிடாகிவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஒரே அலைவரிசையில் இரண்டு கார்கள் அருகருகே ஓடினால் ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் போய்விடும். ஆகவே 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியை ஆறாகப் பிரித்து, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என நிறம் வைத்திருந்தார்கள். பந்தயத் திடல்களில் ஏரியலின் நுனியில் அந்த நிறத்தில் கொடி கட்டிக் கொள்வது வழக்கம். இப்போது வருபவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. படிகமும் இல்லை, நீண்ட ஏரியலும் இல்லை, குழப்பமும் இல்லை. என் மகனுக்கு அவைதாம் பிடிக்கும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. நம் சமுதாயத்து வீடுகள் எத்தனையோ அந்த ஆகஸ்டை மறக்கமாட்டா. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். என் வாப்பாவும் பஸ்ரா, பக்தாத் வழியே பேருந்தில் வந்து, எல்லைக் கூடாரத்தில் பல நாள் கிடந்து, செப்டம்பரில் பம்பாயில் இறங்கினார்கள். வீட்டு வாசலுக்கு வந்தபோது தோளில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்தது. வங்கியிலிருந்த சேமிப்பும், முதலாளி தரவேண்டிய சம்பளமும் அங்கேயே நின்றுவிட்டன. (ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணையம் வழியாகப் பணம் வந்தது, ஆனால் அது வருவதற்குள் நான் கல்லூரிக்கே சென்றுவிட்டேன்.)

வாப்பாவின் கடன் ஒன்று உடனே அடைக்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த வெளிநாட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கடைத்தெருவுக்குப் போயின. டேப்ரெக்கார்டர், இஸ்திரிப் பெட்டி, பிரிக்காத வாசனைத் திரவியங்கள். கார் ஓரிருமுறையே ஓடியது, பெட்டியும் பத்திரமாக இருக்கிறது என்பதால், கடைக்காரர் முன்னரே உம்மாவிடம் 400 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் நான்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்றிரவு எல்லாரும் உறங்கிய பின் நான் எழுந்தேன். ரிமோட்டின் அடியிலிருந்த திருகை உம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிறு திருப்புளியால் கழற்றி, ஏரியலை உருவி எடுத்தேன். ஏரியல் இல்லையென்றால் கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார், கார் வீட்டிலேயே இருந்துவிடும் என்பது பதினோரு வயதின் கணக்கு.

கணக்கு தப்பியது. கடைக்காரர் பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்தார். கார் இரண்டடி ஓடி நின்றது. "ஏரியல் எங்கே தம்பி?" என்றார். "வரும்போதே இல்லை" என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தவர், 225 ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். திரும்பி வந்து உம்மாவிடம் கொடுத்தேன். அவர்கள் இருமுறை எண்ணினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. நூற்று எழுபத்தைந்து ரூபாய் அந்த மாதத்தில் எங்கள் வீட்டுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை, நானே குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன்.

வாப்பா 2011இல் மரணமானார்கள். அவர்களிடம் நான் இதைச் சொன்னதில்லை.

இந்தச் சேகரிப்பு தொடங்கியதும் அதன் பிறகே. சென்னைக்குப் போனால் ரிச்சி தெருவிலும் புதுப்பேட்டையிலும் நடப்பேன். பெரும்பாலானவை கிடைத்தது காயலான் கடைகளில். பழைய இரும்புக் கடைக்கு இந்தப் பெயர் வந்தது, ஒரு காலத்தில் அத்தொழிலில் காயல்பட்டினத்து வணிகர்கள் இருந்ததால் என்பார்கள். பிறர் ஏளனமாகச் சொல்லும்போது எனக்கு அது உறுத்துவதுண்டு. ஆனால் தூக்கியெறிந்ததை எடுத்துப் பார்த்து விலை சொல்லத் தெரிந்தவர்கள் என்ற பொருளும் அதில் இருக்கிறதன்றோ! மாதம் 500 ரூபாய்க்கு மேல் இதில் செலவிடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று முறை மீறியிருக்கிறேன். மூன்றும் அவர்களுக்குத் தெரியும். வீண் விரயத்தைப் பற்றி மத்ரஸாவில் பாடம் எடுக்கும் நாளில் என் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய கார் ஒன்று கிடக்கக்கூடும். எறிவதற்கு முன் சில விஷயங்களைப் பாருங்கள். பழைய கார்களைக் கொல்வது விளையாட்டன்று, உள்ளேயே மறந்துவிடப்பட்ட பேட்டரி. கசிந்து தகடுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அல்கலைன் வகை பேட்டரி கசிந்ததாயின் அது காரத்தன்மை உடையது. பஞ்சில் சிறிது காடியோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் கரையும். கையில் உறை போட்டுக் கொள்ளுங்கள். கண் அருகே கொண்டு போகாதீர்கள். பின் ஈரம் போகத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். பற்சக்கரங்களிலுள்ள கிரீஸ் பசை போல் இறுகியிருக்கும்; அதை நீக்காமல் மின்சாரம் கொடுத்தால் பற்கள் உடையும். மோட்டார் தண்டில் செருகியுள்ள சிறு பற்சக்கரத்தில் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சுழன்றும் கார் நகரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அதுவே. சக்கர ரப்பர் பிளாஸ்டிக்கோடு நெடுநாள் ஒட்டிக் கிடந்தால் பிளாஸ்டிக்கை உருக்கிவிடுவதுமுண்டு. ஆகவே காரைச் சக்கரம் தரையில் படாமல் ஒரு கட்டையின் மேல் தூக்கி வையுங்கள். மஞ்சளாகிப் போன உடலை வெளுக்க வைக்கும் வித்தைகள் சிலர் சொல்வார்கள். நான் செய்வதில்லை. வயதானது வயதானதாகவே இருக்கட்டும்.

நான் தேடியது என்னவோ அந்தச் சிவப்புக் காரைத்தான். அதன் மாதிரிப் பெயர் எனக்குத் தெரியாது. பெட்டியிலிருந்த எழுத்தும் நினைவில்லை. முன்பக்க விளக்கு இரண்டும் கூரையின் மேல் இருந்தன, பின்னால் கறுப்பு இறக்கை ஒன்று இருந்தது, இவ்வளவுதான் அடையாளம். இந்த அடையாளத்துக்குப் பொருந்தும் கார்களை வாங்கி வாங்கி, ஒவ்வொன்றும் அதுவல்ல என்று கண்டதுதான் என் அலமாரி நிறைந்த கதை. ஒருமுறை நகரத்து வியாபாரி ஒருவர் படத்தில் ஒன்றைக் காட்டி, பெட்டியில் வேறொன்றை அனுப்பி வைத்தார். அதையும் ஓட வைத்துவிட்டேன்.

2023இல் ஷார்ஜாவிலிருக்கும் ஒரு மாணவனின் தந்தை, பழம்பொருள் கடையொன்றில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் அனுப்பினார். பார்த்ததும் கை நடுங்கியது. அதே கார். இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தவர் கொண்டு வந்து தந்தார்; பணம் வாங்க மறுத்துவிட்டார். ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஏரியல் இல்லை! பழைய ரிமோட்டுகளில் முதலில் முறிவதும் தொலைவதும் ஏரியல்தான் என்பதால் இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆயினும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பென்சில் டப்பாவில் கிடந்த அந்தக் குழலை எடுத்து வந்தேன். பொருத்தினேன். பொருந்தவில்லை. திருகின் தடிமன் மயிரிழை வேறு. கார் அதே கார். ரிமோட் வேறோர் ஆண்டின் தயாரிப்பு போலும். மூன்று நாள் விதவிதமாக முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ராவித் தேய்த்துப் பொருத்தியிருக்கலாம். அந்தக் குழலை இன்னொரு முறை சேதப்படுத்த மனம் வரவில்லை. ஒரு முழம் செப்புக் கம்பியை ரிமோட்டில் பற்றவைத்தேன். போதுமானதாக இருந்தது.

அன்று அஸருக்குப் பிறகு உம்மா கூடத்தில் கட்டிலில் அமர்ந்திருந்தார்கள். காரைத் தரையில் வைத்துவிட்டு அருகே உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரவில் எழுந்தது, திருப்புளி, கடைக்காரரிடம் சொன்ன பொய், 175 ரூபாய். உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"காரா? எந்தக் கார்?" என்றார்கள்.

சிவப்புக் கார், வாப்பா கொண்டு வந்தது என்றேன். அவர்களுக்கு நினைவில்லை. கடைக்காரர் நினைவிருந்தார். இஸ்திரிப் பெட்டி நினைவிருந்தது. "நான் என் காப்பை அல்லவா விற்றேன்" என்றார்கள். பிறகு சற்று நேரம் கழித்து, நான் கேளாமலே சொன்னார்கள்: "உன் வாப்பா அப்போது பத்து நாள் முன்தெரு வழியாகப் பள்ளிக்குப் போகவில்லை. கொல்லை வழியாகத்தான் போய் வந்தார்கள். எதிரில் வருகிறவர்கள் எல்லாம், குவைத்திலிருந்து என்ன கொண்டு வந்தாய் என்று கேட்டுவிடுவார்களாம்."

இது எனக்குத் தெரியாது. அதே வீட்டில்தான் நானும் இருந்தேன். ஏரியலை எங்கே ஒளித்து வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன சொல்வதென்று தெரியாமல் ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். கார் கட்டிலை நோக்கிப் பாய்ந்தது. உம்மா இரண்டு கால்களையும் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டு, "காலில் ஏற்றிவிடாதே மகனே" என்று சிரித்தார்கள். பின்னர், "எங்கே, திருப்பு பார்ப்போம்" என்றார்கள். மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை ஓட்டினேன். பிறகு காரிலிருந்து 6 பேட்டரிகளையும், ரிமோட்டிலிருந்து சதுர பேட்டரியையும் கழற்றி எடுத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டேன்.